திருப்பதி வகுப்பறையிலிருந்து வங்கித் தொழில்நுட்பத் தலைமைக்கு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் உயர்கல்விக்கு அடித்தளமிட்டது 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். 1983-இல் பெண்களுக்கென ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் எழுந்தது. பின்னர் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகியதால், கணினிப் படிப்பு கிராமத்து மாணவருக்கும் எட்டியது.

வங்கித்துறையும் அக்காலத்தில்தான் மாறியது. அன்றைய ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்களின் 1984, 1989 அறிக்கைகள் கணினிமயமாக்கலுக்கு வழிவகுத்தன. 1996-இல் ரிசர்வ் வங்கி, வங்கித் தொழில்நுட்ப ஆய்வுக்கென ஹைதராபாத்தில் ஒரு நிறுவனத்தை அமைத்தது. கிளைப் பேரேடுகளில் இருந்த கணக்குகள் மையக் கணினிக்குப் போயின. 2004-இல் ஆர்டிஜிஎஸ், 2005-இல் நெஃப்ட், 2016-இல் யுபிஐ ஆகிய மின்னணுப் பணப் பரிமாற்ற முறைகள் நடைமுறைக்கு வந்தன.

இம்மாற்றம் கணினிப் பட்டதாரிக்குப் புதிய ஏணியானது. நிரல் எழுதுபவராக நுழைபவர், பரிவர்த்தனை மென்பொருளின் கட்டமைப்பை வகுத்து, பின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக உயரலாம். மேல்படிகளுக்கு நிரலறிவு மட்டும் போதாது. கணக்கியல், கடன் இடர், தரவுப் பாதுகாப்பு, ரிசர்வ் வங்கி விதிகள் ஆகியவற்றிலும் தேர்ச்சி வேண்டும்.

இதே வட்டாரத்தில், சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண வங்கி, 2025 மே 1-இல் பிற கிராமீண வங்கிகளுடன் இணைந்து ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கியானது. உயர்கல்வியிலோ, ஸ்ரீசிட்டி ஐஐஐடி 2013-இலும் திருப்பதி ஐஐடி 2015-இலும் தொடங்கின.