கழுத்தளவு நீரில் நின்று ஒரு செபம் – திருப்பாடல் 69

துன்பம் வரும்போது முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்வதே நல்ல கிறிஸ்தவருக்கு அழகு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடவுளிடம் முறையிடுவது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணி, வாய்விட்டு அழவேண்டிய நேரத்திலும் ‘எல்லாம் அவர் சித்தம்’ என்று சொல்லி அடக்கிக்கொள்கிறோம். ஆனால் விவிலியத்தின் செபப் புத்தகம் அப்படி அடக்கிக்கொள்வதில்லை. 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. செர்மானிய விவிலிய அறிஞர் ஹெர்மன் குங்கெல் (1862–1932) இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் நீளமானதும், நற்செய்தியாளர்கள் அடிக்கடி நினைவுகூர்வதுமான ஒன்று 69-ஆம் திருப்பாடல்.

அதன் முதல் அடியிலேயே ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்பதற்கு எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘நெபெஷ்’. ‘உயிர்’, ‘ஆன்மா’ என்று நாம் வழக்கமாக மொழிபெயர்க்கும் இச்சொல்லுக்குத் தொண்டை, கழுத்து என்ற பொருளும் உண்டு. மூச்சு போய்வரும் இடமே உயிர் இருக்கும் இடம் என்று எபிரேயர் கண்டனர். ‘கழுத்தளவு கடன்’ என்று பேசும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

எருசலேம் மலைமேல் அமைந்த நகரம். அருகில் பெரிய ஆறு கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளில் மாரிக்காலத்தில் திடீரென வெள்ளம் பாயும். அந்த மழைநீரைச் சேமிக்க மக்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து தொட்டிகள் அமைத்தனர். வாய் குறுகலாகவும் உள்ளே அகன்றும் இருக்கும். நீர் கசியாதபடி சாந்து பூசியிருப்பார்கள். தண்ணீர் தீர்ந்தபின் அடியில் மிஞ்சுவது சேறு. உள்ளே விழுந்தவருக்கு ஏறிவரப் பிடிமானம் இருக்காது. வெள்ளம், கால் ஊன்ற இடமில்லாத சேறு, வாயை மூடிக்கொள்ளும் குழி என்று இத்திருப்பாடல் மாறி மாறிச் சொல்லும்போது, கேட்டவர்கள் கண்முன் இவையெல்லாம் வந்திருக்கும்.

இறைவாக்கினர் எரேமியா இப்படியொரு தொட்டிக்குள் இறக்கப்பட்டார் (எரே 38). பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலம் அது, நகரம் கி.மு. 587 அல்லது 586-இல் வீழ்ந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது. எரேமியா அதில் புதைந்தார். அவரைக் காப்பாற்றுமாறு அரசர் செதேக்கியாவிடம் வேண்டியவர், அரண்மனையில் பணியாற்றிய எபேது மெலேக்கு என்னும் கூசு நாட்டு அயலார். அவர் கயிற்றோடு பழந்துணிகளையும் இறக்கி, கயிறு அறுக்காமலிருக்க அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு முற்றுகையின் வரலாற்றைச் சொல்லும் நூல், இந்தக் கந்தல் துணிகளை மறக்காமல் குறித்துவைத்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். கடவுளின் மீட்பு அன்று ஓர் அயலாருடைய கைகளில், கிழிந்த துணியோடு வந்தது.

எரேமியாவின் அனுபவம் இத்திருப்பாடலின் பின்னணியில் இருக்கலாம் எனச் சில அறிஞர்கள் கருதுவதுண்டு. தலைப்பு தாவீதின் பெயரைக் கொண்டிருக்கிறது. யார் பாடியிருந்தாலும், அவருடைய துன்பம் உண்மையில் தண்ணீரால் வந்ததன்று, மனிதரால் வந்தது. எடுக்காத பொருளைத் திருப்பிக் கொடு என்கிறார்கள். உடன்பிறந்தவர்களே அந்நியராக நடத்துகிறார்கள். ஊர்வாயிலில் அமர்ந்திருப்போருக்கு அவர் பேச்சுப்பொருள், குடிகாரர்களுக்கோ பாட்டுப்பொருள். ஆறுதல் சொல்ல ஆள் தேடினார், ஒருவரும் அகப்படவில்லை.

இருந்தும் அவர் தம்மைக் குற்றமற்றவராகக் காட்டிக்கொள்ளவில்லை. என் மதிகேடு உமக்குத் தெரியும் என்ற பொருளில் கடவுளிடம் ஒப்புக்கொள்கிறார் (வச. 5). அடுத்த வசனத்தில் அவர் கேட்பது நம்மை இன்னும் வியக்க வைக்கிறது: தமக்கு நேர்ந்ததைப் பார்த்து, கடவுளை நம்பியிருக்கும் மற்றவர்கள் வெட்கமடைந்துவிடக் கூடாதாம். மூச்சுத் திணறும் நேரத்திலும் அடுத்தவருடைய நம்பிக்கை உடைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறார்.

பின்னர் வருகின்றன சாபங்கள் (வச. 22–28). இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அறிவித்த திருப்புகழ்மாலையில் இவ்வசனங்கள் விடப்பட்டன. 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் முழுமையாகவே விடப்பட்டன. பொதுவில் சேர்ந்து செபிப்போரின் சங்கடத்தை எண்ணிச் செய்த ஏற்பாடு இது. ஆயினும் வீட்டில் விவிலியத்தை வாசிக்கும்போது இவ்வரிகளைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம். இவர் பகைவரைத் தாக்கப் புறப்படவில்லை; தம் கோபத்தை அப்படியே கடவுள் கையில் கொடுத்துவிடுகிறார். கொடுக்கப்படாத கோபம் எங்கெல்லாம் வெடிக்கும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததா?

சாபங்களுக்குச் சற்று முன்னே, தாகத்துக்குக் காடி கொடுத்தார்கள் என்ற முறையீடு வருகிறது (வச. 21). இதையே சிலுவைக் காட்சியில் நற்செய்தியாளர்கள் நினைவில் கொண்டுவருகின்றனர். லூக்கா நற்செய்தியிலும் படைவீரர் காடியை நீட்டுகின்றனர் (லூக் 23:36). ஆனால் திருப்பாடலில் சாபம் தொடரும் இடத்தில், அங்கே அவர்களுக்காக மன்னிப்புக் கேட்ட இயேசு தொங்குகிறார் (23:34). மூழ்குகிறவரின் செபத்தைத் தம் செபமாக ஏற்றவர், அதன் பகைமையை ஏற்கவில்லை.

30-ஆம் வசனத்தில் திடீரெனப் புகழ்ச்சி தொடங்குகிறது. இடையில் வெள்ளம் வடிந்ததாக ஒரு சொல்லும் இல்லை. புலம்பல்களில் வரும் இத்திருப்பம் பற்றி யோவாக்கிம் பெக்ரிக் 1934-இல் ஒரு விளக்கம் தந்தார்: புலம்பலைக் கேட்ட குரு, கடவுள் பெயரால் ஆறுதல் வாக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். எல்லாப் பாடல்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி உண்டு. ஆனால் சீலோவில் அன்னா அழுத நிகழ்ச்சியில் இதையே பார்க்கிறோம். மனத்தைக் கொட்டி அழுதவரிடம் குரு ஏலி சமாதானத்தோடு போகச் சொல்கிறார். அன்னா போய் உணவு உண்கிறார். முகவாட்டம் நீங்குகிறது (1 சாமு 1:17–18). குழந்தை இன்னும் கருவிலேயே இல்லை.

பாடகர் கடவுளுக்குத் தரப்போவது ஒரு பாடல். கொம்பும் குளம்பும் உள்ள காளையைவிட அது அவருக்கு உகந்தது என்கிறார். காளை வாங்க வழியில்லாத ஏழைகளுக்கு இது நல்ல செய்தி. அடுத்த வரிகளில் அவர்களையே அழைத்துப் பேசுகிறார். யூதாவின் நகர்கள் மீண்டும் கட்டப்படும் என்ற நம்பிக்கையோடு பாடல் முடிகிறது. ஆனால் பாடியவர் கரையேறினாரா என்பதைப் பாடல் சொல்லவில்லை.

அடுத்துள்ள 70-ஆம் திருப்பாடலோ ஐந்தே வசனங்கள் கொண்ட அவசரக் கூப்பாடு. விரைந்து வந்து உதவுமாறு கேட்கும் அதன் தொடக்கத்தை, ஓயாமல் சொல்ல ஏற்ற செபமாக யோவான் கசியான் ஐந்தாம் நூற்றாண்டில் துறவியருக்குப் பரிந்துரைத்தார். திருப்புகழ்மாலையின் வேளைகளை இன்றும் திரு அவை அந்த வேண்டுதலோடுதான் தொடங்குகிறது. அந்தச் சிறு பாடலின் கடைசிச் சொற்களும், தாமதம் வேண்டாம் என்ற கெஞ்சல்தான்.