பிணம் சுமந்தவர்களின் உறக்கம்



லால்குடி ரயில் நிலையத்தில் நின்று வடக்கே பார்த்தால், தண்டவாளம் கல்லக்குடி வழியாக அரியலூருக்குப் போகிறது. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அந்தப் பாதையில் வந்துகொண்டிருந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இங்கே வந்து சேரவில்லை. அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140 பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனைச் சாடிய தேர்தல் முழக்கம் இன்றுவரை பெரியவர்கள் வாயில் இருக்கிறது. அமைச்சர் விலகியதை நம் பிள்ளைகள் பொது அறிவுக் கேள்வியாகப் படிக்கிறார்கள். மருதையாற்றுச் சேற்றில் இறங்கி அந்த உடல்களை எடுத்த கைகள் யாருடையவை, எடுத்த பிறகு அவர்கள் எத்தனை இரவு தூங்கினார்கள் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

இன்று யாருடைய நினைவுக்காக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இதுதான். செத்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது, இழந்தவர்களுக்கு நிவாரணம் இருக்கிறது, தூக்கிப் புதைத்தவர்களுக்கு என்ன இருக்கிறது என்பார். பேரிடரும் கொள்ளைநோயும் உயிர் தப்பியவர்களின் மனத்தில் என்ன செய்கின்றன என்று பேச வந்த நாம், உயிர் தப்பியவர் என்ற சொல்லுக்குள் யாரையெல்லாம் சேர்க்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சமூகவியல் மாணவர்களுக்குக் கய் எரிக்சன் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1972 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ க்ரீக் பள்ளத்தாக்கில், நிலக்கரிச் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். தப்பியவர்களோடு பேசி 1976-இல் அவர் நூல் எழுதினார். தனி மனிதர் மனத்தில் விழும் அடி ஒன்று, மனிதர்களைச் சேர்த்துக் கட்டியிருந்த உறவுகள் அறுவதால் விழும் அடி இன்னொன்று என்று அதில் பிரித்துக் காட்டினார். நல்ல நூல்தான். ஆனால் நம் ஊரில் வைத்துப் படித்தால் ஓரிடத்தில் இடிக்கிறது. ஊர் என்றும் சேரி என்றும் வெள்ளம் வருமுன்னரே பிளந்துகிடக்கும் நிலத்தில், அறுவதற்கு எந்த உறவு இருந்தது? அங்கே பேரிடர் புதிதாக ஒன்றைப் பிளப்பதில்லை. இருக்கிற பிளவின் வழியாகவே வேலையையும் துக்கத்தையும் பங்கு போடுகிறது.

காலரா காலத்தை எடுத்துக்கொள்வோம். வாந்திபேதி கண்ட ஊரில் சொந்தக்காரனே சொந்தக்காரன் பிணத்தைத் தொட அஞ்சினான். அப்போதும் சாவுச் செய்தி சொல்லப் போனவர், பறையடித்தவர், குழி வெட்டியவர், சில நாள் பாடையே இல்லாமல் உடலைச் சுமந்தவர் எல்லாம் சேரியிலிருந்து போனவர்களே. வெட்டியான் வேலை கிராம ஊழியமாக வகுக்கப்பட்டிருந்தது. மாட்டேன் என்று சொல்ல வழியில்லை, கூலி என்பது களத்தில் அளக்கும் சில மரக்கால் நெல். நோயும் அவரோடு அவர் குடிசைக்குப் போனது. ஊர்ப் பிணங்களை எடுத்து முடித்துத் தன் வீட்டுப் பிணத்துக்கு வரும்போது அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் இருந்ததாக எங்கள் பக்கத்து மூத்தவர்கள் தங்கள் தாத்தாக்களைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அம்மை வேறு மாதிரி. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். அந்த வீட்டில் சாவு விழுந்தால் மாரடித்து ஒப்பாரி வைக்கக் கூடாது, வைத்தால் ஆத்தா கோபிப்பாள் என்று எங்கள் கிழவிகள் நம்பினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாய்விட்டு அழ முடியாத துக்கம் அது. பெரியசாமி, சின்னப்பொண்ணு என்று செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைத்து, அந்தப் பெயரைக் கூப்பிட்டு ஆற்றிக்கொண்ட தாய்மார்கள் இருந்தார்கள். இங்கிருந்து சில மைல் தொலைவில் சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மனே மக்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் அவளுக்குப் படையல். மூடநம்பிக்கை என்று சொல்லி இதைத் தாண்டிப் போய்விடும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அம்மையை ஒழித்தது தடுப்பூசிதான், அதில் நமக்கு ஐயமில்லை. இந்தியாவில் 1975-இலும் உலகில் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் அது ஒழிந்தது. ஆனால் தனக்காக ஒரு தெய்வம் பசித்திருக்கிறது என்ற நினைப்பு, மருத்துவமனை வாசலையே பார்த்திராத மக்களின் மனத்துக்கு என்ன செய்தது என்று கேட்காமல் அவர்களின் வரலாற்றை எழுத முடியாது.

1918 இன்ஃபுளுவென்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் இறந்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. குடிமதிப்பு வரலாற்றில் அப்படி நடந்த ஒரே பத்தாண்டு இதுதான். பம்பாய் நகரில் அந்த மரணங்களைச் சாதி, மதம் பிரித்துக் கணக்கிட்டார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3, சாதி இந்துக்கள் 18.9, 'தாழ்ந்த சாதி' என்று எழுதப்பட்டவர்கள் 61.6. கிருமிக்குச் சாதி தெரியாது என்பார்கள். காற்றுப் புகாத ஒற்றை அறைக்கும், அரைவயிற்றுக் கஞ்சிக்கும், உள்ளே விடாத வைத்தியர் வீட்டுக்கும் நன்றாகவே தெரியும். ஒரு தெருவில் மூன்று வாரத்துக்குள் இத்தனை சாவு விழுந்தால் யாருக்கு யார் துக்கம் கேட்கப் போவது? எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று மனம் ஆறுவதற்கு நம் முன்னோர் வகுத்த படிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. அதற்கு இருபது ஆண்டு முன்பு, 1897 பிளேக்கில், புனே அருகே மகார் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனை முதுகில் சுமந்து வந்த சாவித்திரிபாய் புலே அந்த நோயிலேயே இறந்தார். விருப்பத்தோடு சுமந்தவர் என்பதால் அவரை நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். கட்டாயத்தால் சுமந்தவர்களுக்கு நினைவுநாள் கிடையாது.

இனி 2004. டிசம்பர் 25 வெண்மணி நாள். 1968-இல் அந்த இரவில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்திவிட்டுத் திரும்பிய மறுநாள் காலை கடல் வந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்கள், அதில் 6,000-க்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் மீனவ மக்கள் பட்ட பாட்டை யாராலும் குறைத்துச் சொல்ல முடியாது, நாமும் சொல்லவில்லை. உடல்கள் வீங்கி அழுகத் தொடங்கியதும் சொந்தங்களே நெருங்க முடியவில்லை. அப்போது பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் லாரிகளில் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் அருந்ததியர், பறையர். கையுறையும் முகமூடியும் பலருக்குக் கிடைக்கவில்லை. இடிபாட்டுக்கும் முள்ளுக்கும் இடையிலிருந்து உடல்களை இழுத்து, பெருங்குழிகளில் வரிசையாகப் போட்டு மூடினார்கள்.

அதன்பின் மனநல உதவி வந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. குழந்தைகளைக் கடலைப் படமாக வரையச் சொன்னார்கள். நல்ல வேலை. ஆனால் பிணம் எடுத்தவர்கள் அதற்குள் தத்தம் ஊரில் சாக்கடை அள்ளத் திரும்பியிருந்தார்கள். கடற்கரையிலேயே இருந்த தலித் குடும்பங்களின் நிலையும் இதற்கு வெகுதூரமில்லை. அவர்களிடம் படகு இல்லை, வலை இல்லை. உப்பளக் கூலியும் வயல் கூலியும் மீன்கூடை சுமந்த கூலியும்தான் இழப்பு. இழப்பீட்டுப் பட்டியலில் கூலிக்குக் கட்டம் கிடையாது. முகாம்களில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் அவர்கள் தள்ளி நிறுத்தப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அன்றே பதிவு செய்தன. கடல் கொடுத்த அடியோடு, பக்கத்தில் நின்றவன் கொடுத்த அடியையும் அந்த மனங்கள் தாங்கவேண்டியிருந்தது.

பிணவேலைக்குப் போகிறவர் குடிக்கிறார் என்பது நம் ஊரில் பழைய வசவு. குடிக்காமல் அந்த நாற்றத்தில் நிற்க முடியாது என்பது வேலை வாங்கியவருக்கும் தெரியும். அதனால்தான் பல இடங்களில் கூலியோடு சாராயமும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஹிரோஷிமாவில் தப்பியவர்களிடம் ராபர்ட் ஜே லிஃப்டன் கண்ட மனம் மரத்துப்போதலை, நம் ஆட்களுக்கு முன்கூட்டியே புட்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். பிறகு அந்தக் குடியையே அவர்களின் சாதிக் குணம் என்று பேசினார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் 1980-இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஏறியது. மனித உடல்களைத் திரும்பத் திரும்ப அள்ள நேர்ந்தவர்களுக்கும் அது வரும் என்று 2013 பதிப்பு வெளிப்படையாக எழுதியது. அதே 2013-இல்தான் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் புதிய சட்டம் இங்கே வந்தது. தற்செயல்தான் என்றாலும், இரண்டு ஏட்டிலும் ஒரே மனிதர் இருக்கிறார்.

கொரோனாவில் நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும். 2020 ஏப்ரலில் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காயம்பட, சக மருத்துவர் ஒருவர் இரவில் மண்ணள்ளிப் போட்டு மூடினார். குடும்பம் கடைசி முறை முகம் பார்க்கவில்லை. அவர் விரும்பிய கல்லறையில் மறு அடக்கம் செய்ய அவர்கள் உயர் நீதிமன்றம் போய், மறு ஆண்டு அனுமதி பெற வேண்டியிருந்தது. ஒரு மருத்துவர் குடும்பத்துக்கே இந்தக் கதி. முகம் பார்க்காமல் அனுப்பிய சாவு மனத்தில் முடிவதே இல்லை. ஆள் திரும்பி வருவதுபோல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். மேலே பூத்தூவினார்கள், கைதட்டினார்கள், துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கினார்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய உடல்களை இறக்கிய தோழர்கள் தம் தெருவுக்குள் நுழைந்தபோது, வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னவர்களும் அந்தக் கைதட்டலில் இருந்தார்கள்.

இந்த உரைக்காக லால்குடியை ஒட்டிய கிராமம் ஒன்றில் ஓய்வுபெற்ற துப்புரவுத் தொழிலாளி ஒருவரைப் பார்த்தோம். சுனாமிக்கு லாரியில் போனவர். நாகப்பட்டினத்தில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்றதற்கு, ஞாபகமில்லை என்றார். எத்தனை உடல் என்றதற்கும் அதே பதில்தான். தூக்கம் பற்றிக் கேட்டபோது எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். நாங்களும் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் மனைவிதான் எங்களுக்குச் சோறு போட்டார். கொள்ளிடத்துக் கரை ஊரில் விருந்தாளிக்கு மீன்குழம்பு வைக்காமல் விட்டதற்குக் கூச்சப்பட்டு, இவர் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் மீன் ஏறுவதில்லை ஐயா, வாடைக்கே எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று மெல்லச் சொன்னார். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்பா சமயபுரத்தாளுக்கு ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறார் என்றே அவர்கள் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.