தாலம்பேரும் நானும் செய்த தவறு

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி நிகழ்தகவுப் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ வாய்ப்பு என்ன என்பது கணக்கு. அவள் எழுதிய விடை 2/3. புத்தகத்தின் கடைசியில் இருந்த விடை 3/4.

"தாத்தா, புக்குல தப்பா அடிச்சிருக்காங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1967-இல், பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தபோது, இதே கணக்குக்கு இதே 2/3-ஐ எழுதியவன் நான். எங்கள் கணக்கு முசியே என் தாளை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். பையன்கள் சிரித்தார்கள். ஏன் தவறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றோடு கணக்குப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று அரசாங்கக் குமாஸ்தாவானேன். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு மட்டும் காதில் இருந்துகொண்டே இருந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. திதரோவும் தாலம்பேரும் சேர்ந்து பதிப்பித்த புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா? 1754-இல் வெளிவந்த அதன் நான்காம் தொகுதியில் 'குருவா ஊ பீல்' என்று ஒரு கட்டுரை. நம் பூவா தலையாதான். எழுதியவர் தாலம்பேர். ஐரோப்பா முழுவதும் மதித்த கணித மேதை. இதே கணக்கை எடுத்துக்கொண்டு, எல்லோரும் 3/4 என்கிறார்கள், ஆனால் 2/3 என்றல்லவா இருக்க வேண்டும் என்று வாதாடுகிறார்!

அவர் சொன்ன காரணம் என் காரணமேதான். முதல் முறையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் முறை சுண்ட வேண்டிய தேவையே இல்லை. ஆகவே மூன்று வழிகள்தான்: தலை, பூவுக்குப் பின் தலை, பூவுக்குப் பின் பூ. மூன்றில் இரண்டு நமக்குச் சாதகம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்துக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை.

1654-இல் பாரிசில் மேரே என்ற ஒருவர் சூதாட்டச் சிக்கல்கள் சிலவற்றைப் பாஸ்கலிடம் கேட்டார். அந்தப் பாஸ்கல் வேறு யாருமில்லை. வரி வசூல் அதிகாரியாக இருந்த தன் தகப்பனாரின் கூட்டல் வேலையைக் குறைக்கவென்று, 20 வயதுகூட ஆகாதபோதே கணக்குப் போடும் இயந்திரம் செய்யத் தொடங்கியவர். அவர் துலூஸ் நகரில் இருந்த ஃபெர்மாவுக்குக் கடிதம் எழுதினார். ஃபெர்மா அங்கே நீதிமன்றப் பதவியில் இருந்தவர். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில்தான் கணிதம். (நம்மைப் போன்றவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) அந்தக் கோடையில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் பிறந்ததுதான் இன்று பிள்ளைகள் படிக்கும் நிகழ்தகவு.

கணக்கு இது. இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு மொத்தம் 64 காசும். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று வென்றிருக்கும்போது ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாகிறது. காசை எப்படிப் பிரிப்பது?

1494-இல் அச்சான தன் நூலில் இத்தாலியர் பாச்சோலி, வென்ற ஆட்டங்களின் விகிதத்தில் பிரிக்கச் சொன்னார். அப்படியானால் 2-க்கு 1. இங்கேயும் அதே 2/3!

பாஸ்கல் வேறு மாதிரி யோசித்தார். இன்னும் ஓர் ஆட்டம் ஆடினால் என்ன ஆகும்? முன்னால் இருப்பவர் வென்றால் 64-ம் அவருக்கு. தோற்றால் இருவரும் சமம், ஆளுக்கு 32. ஆகவே எது நடந்தாலும் 32 அவருடையது. மீதி 32-இல் இருவருக்கும் சம வாய்ப்பு, எனவே அதில் பாதி. 32-ம் 16-ம் சேர்த்து 48. மற்றவருக்கு 16.

ஃபெர்மாவின் வழி குமாஸ்தா வழி: பட்டியல் போடுவது. அதிகம் போனால் இன்னும் இரண்டு ஆட்டம். அவற்றை ஆடியே தீர்வது என்று வைத்துக்கொண்டால் நான்கு முடிவுகள் உண்டு. அவற்றில் மூன்று முன்னால் இருப்பவருக்கு, ஒன்று மற்றவருக்கு. 64-இல் முக்கால் பங்கு 48. இரண்டு வழியிலும் ஒரே விடை. கவனித்துப் பாருங்கள், இது பேத்தியின் நாணயக் கணக்கேதான்.

அப்போதே ஒருவர் குறுக்கே வந்தார். பாரிசில் கணிதப் பேராசிரியராக இருந்த ரொபெர்வால். ஆட்டம் இடையிலேயே முடிந்துவிடக்கூடும்போது, ஆடாத ஆட்டத்தை எல்லாம் சேர்த்து எண்ணுவது என்ன நியாயம் என்று கேட்டார். தாலம்பேரின் கேள்வி, நூறு ஆண்டு முன்னதாக! 1654 ஆகஸ்டில் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் பாஸ்கல் இதைச் சொல்லி, தான் தந்த பதிலையும் எழுதியிருக்கிறார். வென்றவர் பொழுதுபோக்குக்காக மிச்ச ஆட்டத்தை ஆடினாலும் அவர் வெற்றி மாறப்போவதில்லை. ஆகவே ஆடினதாக வைத்து எண்ணுவதால் யார் பங்கும் மாறாது. எண்ணுவதற்கு மட்டும் சுலபமாகும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், அன்று பேத்தியிடம் நான் பாஸ்கலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கொடுத்தேன். "உன் முறைப்படியே சுண்டு. தலை விழுந்தா நிறுத்திடு. நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

பழைய டைரியில் மூன்று கட்டம் போட்டேன். நாற்பது முறை ஆடினோம். இடையில் நாணயம் பீரோவுக்கு அடியில் உருண்டு ஓடி, தென்னந்துடைப்பத்தால் தள்ளி எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் எண்ணினால், முதல் சுண்டிலேயே தலை விழுந்தது 21 முறை. மற்ற இரண்டு கட்டங்களில் 10, 9.

கொஞ்ச நேரம் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, முதல் கட்டம் மத்த ரெண்டையும் மாதிரி டபுளா இருக்கே!" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். வழிகள் மூன்று என்பது சரி. மூன்றும் சம எடை உள்ளவை என்று நினைத்ததுதான் தவறு. முதல் வழிக்கு அரைப் பங்கு, மற்ற இரண்டுக்கும் கால் கால். அரையும் காலும் முக்கால். அவளே 2/3-ஐ அடித்துவிட்டு 3/4 என்று எழுதினாள்.

1967-இல் எனக்கும் யாராவது ஒரு நாணயத்தைக் கையில் கொடுத்திருந்தால் போதும். அந்த முசியே மேல் இப்போது கோபம் இல்லை. ஆனால் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தவறான விடையைப் பார்த்ததும் சிரிக்காதீர்கள். அது எப்படி வந்தது என்று கேளுங்கள். சில தவறுகளுக்குப் பின்னால் ஒரு தாலம்பேர் இருக்கிறார்.

பாஸ்கல், ஃபெர்மா கடிதங்களுக்கு மூன்று ஆண்டு கழித்து, 1657-இல், ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் இந்தத் துறையின் முதல் பாடநூலை அச்சிட்டார். கடைசிப் பக்கத்தில் ஐந்து கணக்குகளை, செய்யும் வழியைச் சொல்லாமல், வாசகர்களுக்கென்று விட்டுவைத்தார். நானும் அப்படியே ஒன்றை விட்டுவிட்டுப் போகிறேன். நம் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: 1, 2, 3, ஒன்று வெறுமை. இரண்டையும் உருட்டினால் தாயம், அதாவது ஒன்றில் 1-ம் மற்றதில் வெறுமையும், விழ வாய்ப்பு என்ன? பன்னிரண்டு, அதாவது இரண்டுமே வெறுமை, விழ வாய்ப்பு என்ன? இரண்டும் சமமா?

அவசரப்படாமல், முழுப் பட்டியலையும் போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.