மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? அமெரிக்க வாக்காளர் பதிவில் குடியுரிமைச் சான்றின் வரலாறு

முன்னுரை

அமெரிக்காவின் கூட்டாட்சித் தேர்தல்களில் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்பதில் அங்கே சர்ச்சை இல்லை. 1996ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், குடிமக்கள் அல்லாதோர் வாக்களிப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பிடிபடுபவர் நாடுகடத்தப்படவும் கூடும். ஆயினும் அச்சட்டம் போதாது என்ற வாதம் கடந்த இருபது ஆண்டுகளில் வலுத்து, 'சேவ் சட்டம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மசோதாவாக உருவெடுத்தது. பிரதிநிதிகள் சபை அதை 2024 ஜூலையில் 221க்கு 198 என்றும், மீண்டும் 2025 ஏப்ரலில் 220க்கு 208 என்றும் வாக்களித்து நிறைவேற்றியது. வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புபவர் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணத்தை நேரில் காட்டித் தம் குடியுரிமையை மெய்ப்பிக்க வேண்டும் என்பதே மசோதாவின் சாரம். யாருக்கு வாக்குரிமை உண்டு என்ற வரையறையை அது மாற்றவில்லை. அந்த உரிமையை மெய்ப்பிக்கும் பொறுப்பை அரசிடமிருந்து தனிமனிதருக்கு மாற்றுகிறது. இத்தகைய மாற்றம் நிகழ்ந்த ஒவ்வொரு கட்டத்திலும், தடுக்க எண்ணிய அந்நியரைவிடப் பன்மடங்கு குடிமக்களே வாக்கை இழந்தார்கள் என்பதை வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பதிவேடு தடையான காலம்: 1800–1965

அமெரிக்காவில் வாக்காளர் பதிவு என்பதே பிற்காலத்து ஏற்பாடு. 1800இல் மாசசூசெட்ஸ் மாநிலம்தான் முதன்முதலில் பதிவுச் சட்டம் இயற்றியது. குடியுரிமையும் வாக்குரிமையும் இன்றுபோல் பிணைந்திருக்கவும் இல்லை. 1848இல் விஸ்கான்சின் தன் அரசியலமைப்பில், குடியுரிமை பெறும் விருப்பத்தை அறிவித்த வெளிநாட்டவருக்கும் வாக்குரிமை அளித்தது. இவ்வழக்கத்தைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் ஆர்கன்சா, 1926இல். பதிவு முறை முழுவீச்சில் தடையாக மாறியது உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தென் மாநிலங்களில்தான். 1870இன் பதினைந்தாவது திருத்தம், இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. அதனால் 1890இன் மிசிசிப்பி அரசியலமைப்பு இனம் என்ற சொல்லைத் தொடாமல், இரண்டு டாலர் தேர்தல் வரியையும் அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்து அல்லது கேட்டு விளக்கும் தேர்வையும் விதித்தது. தகுதியை மெய்ப்பிக்க வேண்டியவர் விண்ணப்பதாரர்; மெய்ப்பித்தாரா என்று முடிவு செய்பவர் பதிவு அதிகாரி. லூயிசியானாவில் 1896இல் சுமார் 1,30,000 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தனர். 1898இல் அம்மாநிலமும் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது. 1904இல் எஞ்சியவர்கள் 1,342 பேர். 1898இல் வில்லியம்ஸ் வழக்கில், மிசிசிப்பியின் விதிகள் மேலோட்டமாக எல்லோருக்கும் பொதுவானவை என்று கூறி உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்றுக்கொண்டது.

அந்தக் கட்டுமானத்தைத் தகர்த்தது 1965இன் வாக்குரிமைச் சட்டம். மிசிசிப்பியில் அதற்கு முன் கறுப்பினத்தவரில் சுமார் 6.7 விழுக்காட்டினரே பதிவாகியிருந்தனர். 1967இல் அந்த விகிதம் 60ஐ நெருங்கியது. மக்கள் அதே மக்கள்தான். அவர்களது தகுதியும் மாறிவிடவில்லை. மெய்ப்பிக்கும் சுமை நீங்கியது, பதிவு பெருகியது. இன்றைய குடியுரிமைச் சான்றுச் சட்டங்களை அந்தக் காலத்துச் சட்டங்களோடு ஒப்பிடுவது அநீதி என்று ஒருவர் மறுக்கலாம். நோக்கத்தைப் பொறுத்தவரை அந்த மறுப்பு நியாயமானது; இன்று இச்சட்டங்களை ஆதரிக்கும் எல்லோரிடமும் இனவெறியைக் காண்பது தவறு. இங்கே ஒப்பிடப்படுவது இயங்குமுறை மட்டுமே. சட்டத்தின் வாசகம் பொதுவாக இருந்தும் அதன் சுமை சமமற்று விழ முடியும் என்பதே அக்காலம் தரும் பாடம்.

உறுதிமொழியிலிருந்து ஆவணத்துக்கு: 1993–2013

1993இன் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம் சுமையைத் தெளிவாக அரசின் பக்கம் வைத்தது. ஓட்டுநர் உரிமம் பெறும் அலுவலகத்திலேயே பதிவு செய்யலாம். அஞ்சலிலும் பதிவு செய்யலாம். நான் குடிமகன் என்று விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு உறுதிகூற வேண்டும். பொய் சொன்னால் தண்டனை. 2002இன் சட்டம் ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ கேட்டு, அவற்றைச் சரிபார்க்கும் வேலையை மாநிலத்திடம் ஒப்படைத்தது. இந்த ஏற்பாட்டிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டை கேட்பது. 2005இல் இண்டியானா இயற்றிய சட்டத்தை 2008இல் கிராஃபோர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று உறுதிசெய்தது. அம்மாநில வரலாற்றில் வாக்குச்சாவடியில் ஆள்மாறாட்டம் நடந்ததற்கு வழக்கு ஆவணங்களில் சான்று ஏதும் இல்லை என்பதை நீதிபதி ஸ்டீவன்ஸ் தம் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார். மற்றொன்று பதிவின்போதே குடியுரிமைக்கு ஆவணம் கேட்பது. 2004இல் அரிசோனா வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் அங்கீகரித்த 200ஆம் முன்மொழிவு இதன் தொடக்கம். 2013இல் நீதிபதி ஸ்காலியா எழுதிய 7க்கு 2 தீர்ப்பு, கூட்டாட்சிப் படிவத்தில் விண்ணப்பித்தவரிடம் கூடுதல் ஆவணம் கேட்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்றது. அரிசோனா அதன்பின் இரண்டு பட்டியல்களைப் பேணத் தொடங்கியது: எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கக் கூடியவர், கூட்டாட்சித் தேர்தலில் மட்டும் வாக்களிக்கக் கூடியவர்.

கான்சஸ் தந்த சான்று

குடியுரிமை ஆவணம் கேட்டால் என்ன நேரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கான்சஸ் மாநிலம் அதைச் செய்து பார்த்தது. அன்றைய மாநிலச் செயலர் கிரிஸ் கோபாக் முன்னின்று 2011இல் கொண்டுவந்த சட்டத்தின் ஆவண விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ மூன்றே ஆண்டுகளில் 31,089 பேரின் பதிவு நிறுத்திவைக்கப்பட்டது அல்லது ரத்தானது. புதிதாக விண்ணப்பித்தவர்களில் இது சுமார் 12 விழுக்காடு. வழக்கு விசாரணையில் மாநில அரசு தன் தரப்பைக் காட்ட முழு வாய்ப்புப் பெற்றது. அப்படியும், 19 ஆண்டுகளில் பட்டியலில் இடம்பிடித்த குடிமக்கள் அல்லாதோர் அதிகபட்சம் 39 பேர் என்பதைத்தான் அதனால் காட்ட முடிந்தது. அந்தப் பதிவுகளிலும் பல, அதிகாரிகளின் பிழையாலும் விண்ணப்பதாரரின் குழப்பத்தாலும் நேர்ந்தவை. 2018இல் நீதிபதி ஜூலி ராபின்சன் சட்டத்தைச் செல்லாதென்றார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. தடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குடிமக்கள். அவர்களில் இளைஞர்களும் எந்தக் கட்சியையும் சாராதோரும் அதிக விகிதத்தில் இருந்தார்கள். இது ஒரு கட்சிக்கு மட்டும் நேர்ந்த இழப்பு அல்ல என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆவணம் இல்லாதவர் யார் என்ற கேள்விக்கு பிரென்னன் மையமும் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வு மையமும் பிற அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பு விடை தருகிறது. வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்களில் 9 விழுக்காட்டினர், அதாவது சுமார் 2 கோடியே 13 லட்சம் பேர், குடியுரிமை ஆவணத்தை உடனே எடுத்துக் காட்ட இயலாதவர்கள். முதன்முறை பாஸ்போர்ட் எடுக்க 165 டாலர் ஆகிறது. ஓட்டுநர் உரிமம் பெரும்பாலான மாநிலங்களில் குடியுரிமையைக் காட்டுவதில்லை. குடியுரிமையைக் காட்டும் 'மேம்பட்ட' உரிமத்தை வழங்குபவை ஐந்து மாநிலங்கள்தான். திருமணமான பெண்களில் 79 விழுக்காட்டினர் கணவரின் குடும்பப் பெயரை ஏற்றவர்கள் என்கிறது பியூ ஆய்வு மையம். அவர்களது பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் இன்றைய பெயரோடு பொருந்தாது. இனப் பாகுபாட்டுக் காலத்துத் தென் மாநிலங்களில் மருத்துவச்சியின் உதவியோடு வீட்டில் பிறந்த கறுப்பின முதியவர் பலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. ஆவணத்தை வைத்திருப்பவரே தொலைக்கவும் தேவையில்லை, அரசு தொலைத்தாலே போதும் என்பதை அரிசோனா காட்டியது. 1996 அக்டோபருக்கு முன் உரிமம் பெற்றவர்களிடம் குடியுரிமைச் சான்று பெறப்பட்டதாக மாநிலத்தின் கணினி தவறாகக் கருதிவந்தது 2024இல் தெரியவந்தது. முதலில் 98,000 பேர், பிறகு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சிக்கினர். தேர்தல் நெருங்கிய வேளையில், அரசின் பிழைக்காக அவர்களைக் கூட்டாட்சித் தேர்தலுக்கு மட்டுமான பட்டியலுக்கு மாற்ற அம்மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது.

எதிர்வாதங்கள்

மக்கள் இதை விரும்புகிறார்கள் என்பது முதல் எதிர்வாதம். 2024இல் கேலப் நடத்திய கருத்துக்கணிப்பில் 84 விழுக்காட்டினர் புகைப்பட அட்டையையும், 83 விழுக்காட்டினர் முதல் பதிவில் குடியுரிமைச் சான்றையும் ஆதரித்தனர். இதைப் புறந்தள்ள முடியாது. தேர்தல்மீது நம்பிக்கை நிலைப்பது ஜனநாயகத்தின் தேவை. ஆனால் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்க வேண்டும் என்ற கொள்கைக்குக் கிடைத்த ஆதரவு, ஆவணம் இல்லாத குடிமகனை நீக்கலாம் என்பதற்கான ஒப்புதல் ஆகாது. ஆவணம் உள்ள பெரும்பான்மை, அது இல்லாத சிறுபான்மையின் அடிப்படை உரிமையைக் கருத்துக்கணிப்பால் தீர்மானிக்கவும் இயலாது.

இரண்டாவது, புள்ளியியல் சார்ந்தது; கூடுதல் கனமானது. கான்டோனி, பான்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2008 முதல் 2018 வரையிலான தரவுகளை ஆராய்ந்து, கடுமையான அடையாள அட்டைச் சட்டங்கள் பதிவையோ வாக்குப்பதிவையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். அம்முடிவை ஏற்கலாம். அது முதன்மையாக வாக்குச்சாவடியில் காட்டும் அட்டையைப் பற்றியது. பெரும்பாலானோரின் பணப்பையில் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழை யாரும் பையில் வைத்துத் திரிவதில்லை. இரண்டு தடைகளும் ஒரே பெயரில் பேசப்படுவதால் ஒன்றின் மென்மை மற்றதன் கடுமையை மறைத்துவிடுகிறது. கான்சஸின் 12 விழுக்காடு அந்த இரண்டாவது வகைக்குரியது.

ஒரே ஒரு சட்டவிரோத வாக்கும் ஒரு நேர்மையான வாக்கைச் செல்லாததாக்குகிறது என்பது மூன்றாவது. அப்படியானால், தடுக்கப்பட்ட ஒவ்வொரு நேர்மையான வாக்கும் அதே எடை உடையது. மேலும் சட்டவிரோதப் பதிவைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. ஜார்ஜியா அரசு 2022இல் செய்த தணிக்கையில், 25 ஆண்டுகளில் குடிமக்கள் அல்லாதோர் 1,634 பேர் பதிவு செய்ய முயன்றதும், எல்லோரும் நடைமுறையில் இருந்த சரிபார்ப்பிலேயே தடுக்கப்பட்டதும் தெரிந்தது. 2024இல் 82 லட்சம் பெயர்களில் 20 பேரை அம்மாநிலம் கண்டறிந்தது. அரசே தன் பதிவேடுகளைச் சரிபார்ப்பதுதான் அந்த வழி. அதிலும் எச்சரிக்கை வேண்டும்: 2019இல் டெக்சஸ் 95,000 பேரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது, அவர்களில் பல்லாயிரம் பேர் பின்னாளில் முறையாகக் குடியுரிமை பெற்றவர்கள் என்று தெரிந்து, சில மாதங்களில் அத்திட்டத்தைக் கைவிட்டது.

இந்தியா உட்படப் பல நாடுகளில் அடையாள அட்டை கேட்கிறார்களே என்பது நான்காவது. இந்தியாவில் 1993இல் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில் தொடங்கிய புகைப்பட அடையாள அட்டையைத் தேர்தல் ஆணையமே வழங்குகிறது. பட்டியலைத் திருத்த வாக்குச்சாவடி அலுவலர் வீடு தேடி வருகிறார். சுமையை அரசு ஏற்றதால்தான் அந்த முறை பெரும்பாலும் இயங்கியது. ஆனால் 2025இல் பீகாரில் நடந்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 11 ஆவணங்களின் பட்டியலைக் காட்டிக் குடிமக்களிடம் சான்று கேட்டார்கள். இறப்பு, இடப்பெயர்வு, இரட்டைப் பதிவு முதலிய காரணங்களால் சுமார் 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. விடுபட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடவும், ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கவும் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அமெரிக்கக் கேள்வி இன்று நம் கேள்வியும் ஆகிவிட்டது.

முடிவுரை

மிசிசிப்பியின் விளக்கத் தேர்வும் கான்சஸின் ஆவண விதியும் வெவ்வேறு நோக்கத்தில் பிறந்தவை. இரண்டிலும் ஐயத்தின் பலன் குடிமகனுக்கு மறுக்கப்பட்டது. குடியுரிமையைச் சரிபார்ப்பது அரசின் கடமை. அதைச் செய்ய வேண்டாம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. எந்தச் சட்டமும் நான்கு நிபந்தனைகளை நிறைவேற்றிய பின்பே நியாயமானதாகும். அரசு முதலில் தன் பதிவேடுகளில் தேட வேண்டும். அங்கே ஐயம் எழுந்தவரிடம் மட்டுமே ஆவணம் கேட்க வேண்டும். அந்த ஆவணத்தைக் கட்டணமின்றித் தானே பெற்றுத் தர வேண்டும். முன்னறிவிப்பும் முறையீட்டு வாய்ப்பும் தராமல் ஒரு பெயரையும் நீக்கக் கூடாது. சேவ் மசோதா இவற்றில் முதல் மூன்றையும் தலைகீழாக்குகிறது. 2024இல் கான்சஸின் மாநிலச் செயலராக இருந்த ஸ்காட் ஷ்வாப் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். சட்டமன்றத்தில் அச்சட்டத்தை ஆதரித்தவர். அது நன்றாக அமையவில்லை, பிற மாநிலங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம் என்று அவரே அந்த ஆண்டு கூறினார். 39 பேரைத் தடுக்க 31,089 பேரை நிறுத்திவைத்த சட்டம் தேர்தலைக் காக்கவில்லை. தேர்தல் யாருக்காக நடக்கிறதோ அவர்களையே வெளியே நிறுத்தியது.