மூளையலைகளும் ஆக்கநிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆக்கத்திறன் அருளால் வருவதா, உழைப்பால் விளைவதா என்பது பழைய வினா. மூளையின் மின்னலைகளில் அதற்கு விடை தேடும் முயற்சி இருபதாம் நூற்றாண்டுக்குரியது. அம்முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதிலிருந்து நாம் ஏற்கத்தக்கது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜேர்மனியின் யேனா நகரில் உளமருத்துவராக விளங்கிய ஹான்ஸ் பேர்கர், 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலிற் பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டார். தொலைவிலுள்ள மனங்கள் ஒன்றையொன்று உணரக்கூடுமென்ற நம்பிக்கையே அவரை இவ்வாய்வுக்குத் தூண்டியது. கிடைத்ததோ அளக்கத்தக்க பௌதிக நிகழ்வு. கண்மூடி ஓய்ந்திருக்கையில் வினாடிக்கு 8 முதல் 13 தடவை வரை அசையும் அல்பா அலை, கண் திறந்ததும் தணிவதை அவர் கண்டார்.

இக்கருவி இந்திய யோகியரிடம் சென்றபோது முரண்பட்ட முடிவுகள் பிறந்தன. ஆழ்ந்த தியானத்தில் விரைவான பீற்றா அலைகள் மிகுவதாக 1955இல் தாஸ், கஸ்தோ ஆகியோர் எழுதினர். 1961இல் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் ஆனந்த், பல்தேவ் சிங் முதலியோர் நான்கு யோகியரை ஆராய்ந்து இதற்கு மாறானதைக் கண்டனர். சமாதியில் அல்பா அலையே நிலைத்தது. கடும் ஒளியோ ஓசையோ அதனைக் கலைக்கவில்லை. 4 பாகை நீரில் 45 முதல் 55 நிமிடம் வரை கை அமிழ்த்திய இருவரிடமும் அவ்வலை மாறவில்லை. ஒரே பெயரால் வழங்கும் உளநிலைக்கு ஒரே அலை உண்டென்று கொள்வதற்கில்லை என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

ஆக்கத்துறையிலும் இதுவே உண்மை. கதையைக் கற்பனை செய்கையில் அல்பா மிகுதலும், அதனை எழுதுகையில் குறைதலும் ஆக்கத்திறன் மிக்கோரிடம் காணப்பட்டதாக மார்ட்டின்டேலும் ஹசென்ஃபஸும் 1978இல் காட்டினர். எனவே ஆக்கம் ஓரலையில் உறைதலன்று. தளர்வுக்கும் முனைப்புக்கும் இடையே இயங்குதலாகும். எனினும் 1970களில் அமெரிக்கச் சந்தையில் அல்பா பயிற்சிக் கருவிகள் ஞானத்தின் குறுக்குவழியென விற்பனையாயின.

செயலில் தன்னை மறந்து ஒன்றிவிடும் நிலையை 1975இல் விளக்கிய சிக்சென்ட்மிஹாய், அலைப்பதிவை நாடவில்லை. மலையேறுவோர், சதுரங்க வீரர், சத்திரசிகிச்சை நிபுணர் ஆகியோரை வினவினார். தெளிவான குறிக்கோள், உடனடி விளைவு, திறனுக்கு ஈடான சவால் என்பனவே அவர் கண்ட நிபந்தனைகள். அந்நிலைக்கென ஒரு தனியலை இன்றுவரை நிறுவப்படவில்லை.

இந்நிபந்தனைகள் யோகிக்கோ கலைஞனுக்கோ மட்டும் உரியனவல்ல. தெமட்டகொடைப் புகையிரத எஞ்சின் கொட்டகையில், ஓசையைக் கேட்டே கோளாற்றை அறிய முயலும் தொழிலாளிக்கும் அவை பொருந்தும். குறிக்கோள் அவன் முன் உள்ளது. எஞ்சின் உடனே மறுமொழி தருகின்றது. ஆயின் செய்முறையைத் தானே தீர்மானிக்கும் உரிமை பறிக்கப்பட்டு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யுமாறு பணிக்கப்படின், அவ்வொன்றிப்புக்கு இடமில்லை.

ஆகவே ஆக்கநிலை பற்றிய ஆய்வு மண்டையோட்டோடு நின்றுவிடலாகாது. உழைப்பின் நிலைமைகளையும் அது அளத்தல் வேண்டும்.