காலிக் கோட்டையில் கிடைத்த மடுல்சீமை

 

தவணை விடுமுறையில் இரண்டு நாள் குடும்பத்தோடு காலிக்குப் போய் வந்தோம். படங்களைப் போட்டதும், "சேர், படம் மட்டும் போதாது, வரலாற்றையும் எழுதுங்க" என்று சில பழைய மாணவர்கள் கேட்டிருந்தார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வந்திருக்கிறது. ஒரு பிளேன்டியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புறப்படுவதற்கு முதல் நாள் ஆறாம் ஆண்டு படிக்கும் மகன் கேட்டான்: "வாப்பா, வரலாறெல்லாம் ஏன் தூரத்திலேயே இருக்கு? அனுராதபுரம், கண்டி, காலி... நம்ம ஊர்ல ஒண்ணுமே நடக்கலையா?" வரலாறு படிப்பிக்கிற எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை.

விடிவதற்கு முன் கிளம்பினோம். பசறை, பதுளை, எல்ல என்று இறங்கி வெல்லவாயப் பக்கம் வரும்போது பஸ் ஜன்னலால் மகனுக்கு ஒரு திசையைக் காட்டினேன். அந்தப் பக்கம்தான் ரந்தெனிவெல. 1630ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா பதுளைக்குள் புகுந்து நகரை எரித்தார். திரும்பிப் போகும் வழியில் அவரோடு வந்த சிங்களப் படைவீரர்களே கண்டி மன்னன் பக்கம் சேர்ந்துகொள்ள, ரந்தெனிவெலயில் அவரும் அவருடைய படையும் அழிந்தது. இதே த சாதான் 1626இல் போர்த்துக்கேயரின் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியவர். அப்படித் துரத்தப்பட்டவர்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்பது பாடப்புத்தகத்திலேயே உள்ளது. கரையோரத்தில் எங்கள் மக்களைத் துரத்தியவரின் கதை எங்கள் ஊவா மண்ணில் முடிந்தது. "இதை ஏன் முதல்லயே சொல்லல்ல?" என்றான் மகன்.

தணமல்வில தாண்டியதும் வெயில் மாறிவிடும். அம்பாந்தோட்டைப் பக்கம் உப்பளங்கள், வீதியோரம் வரிசையாகத் தயிர்ச் சட்டிகள். எருமைத் தயிரில் கித்துள் பாணியை ஊற்றிச் சாப்பிட்டதும் உம்மாவின் பயணக் களைப்பு பாதி போய்விட்டது.

மாத்தறைக்கு முன்னால் தெவிநுவர. பழைய தமிழில் இதற்குத் தேனவரை என்று பெயர். கடலைப் பார்த்தபடி இங்கே ஒரு பெரிய விஷ்ணு கோயில் இருந்தது. 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். 1344இல் இப்னு பதூதா இவ்வழியே வந்தபோது அந்தக் கோயில் செல்வச் செழிப்போடு இருந்ததை எழுதியிருக்கிறார். இங்கிருந்து காலிக்குப் போனவர், அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவரின் வீட்டில் விருந்துண்டதையும் குறித்திருக்கிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காலியில் எங்கள் ஆட்களின் வீட்டு அடுப்பு எரிந்திருக்கிறது.

அஸர் நேரம் காலி. மதிலின் மேல் ஏறி நின்றபோது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கிரிக்கெட் மைதானம். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1640 மார்ச்சில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். கருங்கல்லாலும் முருகைக்கல்லாலும் பெருப்பித்துக் கட்டியவர்கள் அவர்கள்தான். 1796இல் ஆங்கிலேயர் சண்டையில்லாமலே எடுத்துக்கொண்டார்கள். பழைய வாசலின் உட்பக்கம் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கிறது. வெளிப்பக்கம் ஆங்கிலேய முத்திரை. 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் மைதானமும் அடிபட்டபோது, உள்ளே இருந்தவர்களைப் பெருமளவு காப்பாற்றியது இந்த மதில்தான். 1988இலிருந்து இது உலக மரபுரிமைத் தலம்.

வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் போலவே இருக்கும். மகரிபுக்கு அங்கே நின்றபோது வெளிச்சவீடு எரியத் தொடங்கியது. கொஞ்சத் தூரத்தில் 1755இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம், அதன் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். எல்லாம் நடந்தே பார்க்கும் தூரம்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். கோட்டைக்குள் ஒரு கடையில் உட்கார்ந்து விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்து எழும்பி வந்தோம். மனைவிக்கு இன்னும் சிரிப்பு. வெளியே பஸாரில்தான் வயிறு நிறைந்தது: கொறக்காப்புளி போட்டு வற்ற வைத்த சூரை மீன், சூடான ரொட்டி, கடைசியில் வட்டிலாப்பம். கடலில் பிடித்த மீனை நாட்கணக்கில் கெடாமல் வைக்கத்தான் தெற்கில் கொறக்காவை அப்படிப் போடுகிறார்கள். தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலம் சேர்ந்த வட்டிலாப்பம் மலாய்க்காரர் வழியே வந்தது. ஜாவாப் பக்கத்திலிருந்து மலாய்ப் படைவீரர்களை இங்கே கொண்டு வந்தவர்கள் ஒல்லாந்தர். கொக்கிஸ் என்ற பெயரும் ஒல்லாந்தருடையதே.

பெயர் என்றதும் மகனோடு ஒரு விளையாட்டு ஆடினோம். ஒல்லாந்தர் போய் இருநூறு வருசத்துக்கு மேலாகிவிட்டது; எங்கள் வாயில் இன்னும் இருக்கிறார்கள். தோட்டத்தில் நாம் சொல்லும் 'கந்தோர்' அவர்களின் சொல். மேசை 'லாச்சி' அவர்களுடையது. 'கக்கூசு' கூட. மேசையும் ஜன்னலும் அலுமாரியும் சாவியும் பாணும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. 'கோப்பி'யும் ஒல்லாந்தச் சொல்லே.

இந்தக் கோப்பியில்தான் மடுல்சீமை வருகிறது.

கோப்பிக் காலத்தில் இலங்கையின் பெரிய துறைமுகம் காலி. ஐரோப்பாவிலிருந்து வரும் தபால் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற இங்கே நிற்கும். 1850களில் கப்பல் கொண்டுவந்த செய்தியைக் காலியிலிருந்து கொழும்புப் பத்திரிகைக்குப் புறாவில் அனுப்பினார்கள்; தந்தி வந்ததும் புறாவுக்கு வேலை போனது. தோட்டத்துரைமார் பலர் இறங்கியது காலியில். கோப்பிக்கன்று நட வந்த தொழிலாளர்கள் இறங்கியதோ மன்னாரில். அங்கிருந்து காடு வழியே கால்நடை. எத்தனையோ பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். ஒரே தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு இரண்டு வாசல்.

1869இல் கோப்பி இலையில் மஞ்சள் புள்ளி விழும் ஒரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. எங்கே தெரியுமா? எங்கள் மடுல்சீமையில். பேராதனைத் தாவரத் தோட்டப் பணிப்பாளர் துவெயிட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற அறிஞர் அந்தப் பங்கசுக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இதை ஆராயவே இலங்கைக்கு வந்தார். காடழித்து மலைமலையாக ஒரே பயிரை நட்டிருந்ததால் காற்றில் பரவும் நோய்க்குத் தடையில்லை என்பதை அவர் காட்டினார். அதற்குள் காலம் கடந்திருந்தது. கோப்பி அழிந்தது, தேயிலை ஏறியது. இன்று உலகில் எங்கே கோப்பித் துரு நோயைப் பற்றிப் படித்தாலும், கதை இலங்கையில், எங்கள் மலையில் தொடங்கும்.

அதே ஆண்டுகளில்தான் காலியும் விழுந்தது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டி 1885இல் முடித்தார்கள். கப்பல்கள் அங்கே போய்விட்டன. மலையில் கோப்பியும் கரையில் துறைமுகமும் ஒரே காலத்தில் கை நழுவின. ஆனால் துறைமுகம் போனதால் வேறு கட்டடங்கள் எழும்பாமல் பழைய காலி அப்படியே மிஞ்சியது. இன்று உலகமே வந்து பார்ப்பது அதைத்தான்.

இரண்டாம் நாள் மதிலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். "மகன், நான் சின்னவனா இருக்கக்கொள்ள இந்தத் தெருவுல எந்த வூட்டுலயும் நோன்பு திறக்கலாம். இப்ப கதவைத் தட்டினா வெள்ளைக்காரன் திறக்கிறான்" என்றார். பெரிய விலை வந்தது, பிள்ளைகளுக்குக் காசு தேவைப்பட்டது, விற்றார்கள். பல வீடுகள் இன்று ஹோட்டல். அவரிடம் கோபமில்லை, கணக்கு மட்டும் இருந்தது. யார் வீடு எது, யார் எப்போது போனார் என்று ஒவ்வொரு வாசலாகக் காட்டிச் சொன்னார்.

அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் லயங்கள் ஞாபகம் வந்தன. காலியில் உறுதிப்பத்திரம் இருந்தது, விற்றுவிட்டுப் போனார்கள். இங்கே ஐந்து தலைமுறையாக இருந்தும் பலருக்கு நிற்கிற நிலத்துக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அவர்களுக்கு மதிலாவது மிஞ்சும். எங்கள் ஆட்கள் இறங்கிப் போனால் என்ன மிஞ்சும்? கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பிள்ளைகள் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்கள் மௌத்தாகும்போது அவர்களோடு கதைகளும் போகின்றன.

கடைசியாக ஒரு கல். 1911இல் காலியில் ஒரு மதகை மூடியிருந்த கல்லைப் புரட்டியபோது அதில் மூன்று மொழியில் எழுத்து இருந்தது: சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டு எழுதப்பட்ட அந்தக் கல்லைக் கொண்டு வந்தவர் சீனக் கடற்தளபதி செங் ஹே. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால் என்று காணிக்கைகள் பொன்னும் வெள்ளியும் பட்டுமாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அதே தளபதி பிறகு இந்நாட்டு ஆட்சியாளரையே பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனவர். ஆனாலும் 600 வருசத்துக்கு முன் தெற்கே வியாபாரத்துக்கு வந்தவருக்குத் தமிழ் தேவைப்பட்டது என்பதற்கு அந்தக் கல் சாட்சி. இப்போது அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மதகின் மேல் எத்தனை பேர் மிதித்துப் போயிருப்பார்கள்! புரட்டிப் பார்க்கும் வரை அது வெறும் கல்தான்.

திரும்பி வரும்போது மகனுக்கு என் பதிலைச் சொன்னேன்: "நம்ம ஊர்லயும் நடந்திருக்கு மகன். யாரும் புரட்டிப் பார்க்கல்ல, அவ்வளவுதான்."

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய துண்டு, கடைக் கணக்குப் புத்தகம், பாஸ்போர்ட், தோட்டத்துப் படம், கல்யாணக் கடிதம் எதுவானாலும் எறியாதீர்கள். எனக்குத் தர வேண்டாம், ஃபோனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். வீட்டில் வாப்பும்மாவோ அப்பாயியோ இருந்தால், இந்த வாரம் அரை மணி நேரம் உட்கார்ந்து "நீங்க எப்படி இங்க வந்தீங்க?" என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர், சிங்களவர் என்று பார்க்க வேண்டாம். இந்த மலையில் இருந்தவர் எல்லோர் கதையும் வேண்டும். அடுத்த தவணையில் பிள்ளைகளோடு சேர்ந்து அதை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

முதல் பக்கத்தில் 1869 என்று எழுத மகன் இப்போதே பேனையோடு நிற்கிறான்.