திறமைக்கு எத்தனை புள்ளி?

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை உருவாக்கிக்கொண்டு வந்து உட்காருகிறார். பலம், அறிவு, வேகம், வாள்வீச்சு, மந்திரம், பேச்சுவன்மை என்று அந்த மாந்தருக்குரிய திறமைகள் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். ஆட்டத்தை நடத்துபவர் சூழ்நிலையைச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் மாந்தர் என்ன செய்கிறார் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். இந்த விளையாட்டுகளின் 50 ஆண்டு வரலாற்றில் ஓயாமல் திருத்தப்பட்டுவந்த பகுதி, தாளில் அந்த எண்கள் எப்படி வந்து சேர வேண்டும் என்பதுதான். பல விளையாட்டுகளில் எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளி கிடைக்கும். அதைச் செலவழித்து அவரவர் திறமைகளை வாங்கிக்கொள்வார்கள். அதற்கு ஒவ்வொரு திறமைக்கும் ஒரு விலை வேண்டும். விலை பிசகினால் மேசையில் ஒருவர் ஆட்டம் முழுவதையும் ஆள்வார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

ஆட்டக்காய்க்கு விலை வைக்கும் வழக்கம் தெற்காசியாவில் மிகப் பழையது. 1030-ஆம் ஆண்டளவில் இந்தியா பற்றி எழுதிய அல்-பிரூனி, நான்கு பேர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கம் ஒன்றை விவரித்திருக்கிறார். பகடையில் விழும் எண்தான் எந்தக் காய் நகர வேண்டும் என்று தீர்மானிக்கும். அதில் ராஜாவுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, தேருக்குரிய காய்க்கு 2, காலாளுக்கு 1 என்று மதிப்பு இருந்தது. வெட்டிய காய்களின் மதிப்புப்படி பந்தயப் பணம் பங்கிடப்பட்டது. எதிரிகளின் மூன்று ராஜாக்களையும் வெட்டியவருக்கு 15 கிடைக்கும். தன் ராஜாவையும் காப்பாற்றியிருந்தால் 54 கிடைக்கும். இந்த 54 கணக்குப் போட்டு வந்த எண்ணன்று, ஆடுபவர்களின் பொது உடன்பாட்டால் நிலைத்த எண் என்று அல்-பிரூனி குறிக்கிறார். ஆட்டத்தில் விலைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

கொழும்பில் ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளுக்கு நன்கு தெரிந்த 304 என்ற சீட்டாட்டமும் இதே வழக்கத்தைச் சேர்ந்தது. அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்தின் கூட்டுத்தொகை 76. நான்கு இனமும் சேர்ந்து 304. ஆசுக்கு 11, பத்துக்கு 10 என்ற மதிப்பு ஒல்லாந்தின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் அப்படியே உண்டு. துரும்பு இனத்தில் ஜாக்கும் ஒன்பதும் மற்றெல்லாச் சீட்டையும் வெல்வதும் அங்கே உண்டு. தனிச் சீட்டின் விலை ஆட்ட விதியில் நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு கையிலுள்ள சீட்டுகள் சேர்ந்து என்ன பெறும் என்பதை விதி சொல்வதில்லை. முதல் நான்கு சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பவர்தான் அதைச் சொல்ல வேண்டும். கேட்ட அளவை எடுக்க முடியாமற் போனால், வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். ஆகவே சீட்டின் விலை வேறு, சீட்டுகளின் சேர்க்கைக்குரிய விலை வேறு. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளை வடிவமைத்தவர்கள் இந்த வேறுபாட்டோடுதான் பல ஆண்டுகள் போராடினார்கள்.

அந்த விளையாட்டுகள் பிறந்தது போர் விளையாட்டுகளிலிருந்து. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824-இல் உருவாக்கிய கிரிக்ஸ்ஸ்பீல் படை அதிகாரிகளின் பயிற்சிக்குப் பயன்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் பிளெட்சர் பிராட் 1940-களில் வெளியிட்ட கடற்போர் விளையாட்டில் ஒவ்வொரு கப்பலின் பெறுமதியும் பீரங்கி, கவசம், வேகம் ஆகியவற்றிலிருந்து ஒரு சூத்திரத்தால் கணக்கிடப்பட்டது. குண்டு பட்டால் அந்தப் பெறுமதியிலிருந்து கழியும். இரு தரப்பும் ஒரே மொத்தப் புள்ளிக்குள் படை திரட்டி மோதும் முறை பின்னர் பொம்மைப் படைகளை வைத்து ஆடுபவர்களிடம் பரவியது.

1974-இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவாவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரின் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. அங்கே திறமைக்கு விலை இல்லை. பலம், அறிவு, ஞானம், உடலுறுதி, கைச்சுறுசுறுப்பு, கவர்ச்சி ஆகிய ஆறுக்கும் மூன்று பகடைகளை வரிசையாக உருட்டி, வந்த கூட்டுத்தொகையை எழுதிக்கொள்ள வேண்டும். சராசரி 10.5. உச்சமான 18 விழும் வாய்ப்பு 216-இல் ஒன்று. சமநிலை வேறோர் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் நிலைக்கு உயரப் பூசாரிக்கு 1,500 அனுபவப் புள்ளி போதும், போர்வீரனுக்கு 2,000 வேண்டும், மந்திரவாதிக்கு 2,500. தொடக்கத்தில் எளிதில் மடியும் மந்திரவாதி, பிழைத்து உயர்ந்தால் எல்லோரையும் மிஞ்சுவான். மாதக்கணக்கில் தொடரும் ஆட்டத்தில் அந்தக் கணக்குச் சரிவந்தது. சில மாலைகளில் முடியும் ஆட்டத்தில் சரிவரவில்லை. 1979-இல் வந்த நடத்துநர் கையேடு நான்கு பகடை உருட்டிக் குறைந்ததைக் கழிக்கும் முறையை முன்வைத்தது. சராசரி 12-க்குச் சற்று மேலே போனது; ஆளுக்கு ஆள் உள்ள அதிர்ஷ்ட வேறுபாடு அப்படியே இருந்தது.

அதிர்ஷ்டத்தை நீக்கும் முயற்சி 1977-இல் தொடங்கியது. அந்த ஆண்டு டொனால்ட் சாக்ஸ்மனின் சூப்பர்ஹீரோ 2044, ஒரு மொத்தப் புள்ளியைத் திறமைகளுக்குப் பங்கிடும் முறையைக் கொண்டு வந்தது. அதே ஆண்டில் ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்த மெலே என்ற சிறு போர் விளையாட்டும் வெளியானது. அதில் பலம் 8, கைச்சுறுசுறுப்பு 8 என்று தொடங்கி, மேலும் 8 புள்ளியை விரும்பியபடி இரண்டுக்கும் பிரித்துக்கொள்ளலாம். பலம் கூடினால் கனமான ஆயுதம் ஏந்தலாம், அதிக அடி தாங்கலாம்; சுறுசுறுப்புக் கூடினால் அடி தவறாமல் விழும். கவசம் அணிந்தால் உடல் காக்கப்படும், ஆனால் சுறுசுறுப்புக் குறையும். இரண்டே திறமைகள், ஒரே மொத்தம் என்பதால் ஒவ்வொரு தேர்வுக்கும் உடனடியாக ஓர் இழப்பு உண்டு. அடுத்த ஆண்டு வந்த விசார்ட் அறிவை மூன்றாவது திறமையாகச் சேர்த்தது. மந்திரம் ஏவினால் பலம் கரையும் என்ற விதியையும் வைத்தது. மாந்தரை உருவாக்கும்போது மட்டுமன்றி, ஆடும்போதும் விலையை வாங்கலாம் என்று இந்த விதி காட்டியது.

1981-இல் ஜார்ஜ் மக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் உருவாக்கிய சாம்பியன்ஸ், புள்ளிக் கணக்கை ஒரு முழுமையான முறையாக்கியது. அது அதிசய ஆற்றல் கொண்ட வீரர்களின் விளையாட்டு. ஒருவர் பறப்பார், ஒருவர் சுவரை ஊடுருவுவார், ஒருவர் மனத்தைப் படிப்பார். ஒன்றோடொன்று ஒப்பிட முடியாத இவற்றுக்கு ஒரே அளவுகோலில் விலை வைத்தாக வேண்டும். விலை வைக்கப்பட்டது பயனுக்கு. அந்த ஆற்றல் நெருப்பா, மின்னலா என்பது ஆடுபவரின் விருப்பம். தொலைவிலிருந்து தாக்கும் ஆற்றலுக்கு ஒரு பகடைக்கு 5 புள்ளி. எட்டுப் பகடைக்கு 40. அது கவசத்தைத் துளைக்க வேண்டுமானால் விலையோடு பாதி கூடி 60 ஆகும். அந்த ஆற்றல் எவரும் பறித்துவிடக்கூடிய ஒரு கைக்கருவியில் இருந்தால், 1989-இல் வந்த நான்காம் பதிப்பின்படி 60 இரண்டால் வகுக்கப்பட்டு 30 ஆகிவிடும். கூடுதல் வசதி விலையைப் பெருக்குகிறது. கட்டுப்பாடு விலையை வகுக்கிறது. பலவீனங்களை ஏற்றுக்கொள்பவருக்கு மேலதிகப் புள்ளியும் கிடைக்கும். ஆனால் ஆட்டத்தில் உண்மையில் துன்பம் தராத பலவீனத்துக்குப் புள்ளி இல்லை என்பது அதன் அடிப்படை விதி. நீருக்கு அஞ்சும் மாந்தரைப் பாலைவனக் கதையில் கொண்டுவந்து புள்ளி கேட்க முடியாது.

இத்தனை கவனமாகச் செய்த கணக்கிலும் ஓட்டை இருந்தது. சாம்பியன்ஸில் பலத்தை 10 புள்ளிக்கு வாங்கினால், அதிலிருந்து பெறப்படும் உடற்தாங்கு திறன், மீளும் திறன், மயங்காமல் நிற்கும் திறன் ஆகியவை தாமாகவே கூடும். அவற்றைத் தனித்தனியே வாங்கினால் 11 புள்ளி ஆகும். அதாவது பலத்துக்குக் கொடுத்த விலை முழுவதும் திரும்பி வந்து, மேலே ஒரு புள்ளியும் மிஞ்சும். அதற்கு மேல் அடியின் வலிமை இனாம். கணக்குத் தெரிந்த எல்லோரும் பலத்தை வாங்கினார்கள். வானத்தில் பறந்து மந்திரம் ஏவுபவர்கூடப் பயில்வானாக இருந்தார். 2009-இல் வந்த ஆறாம் பதிப்பு அந்தத் தொடர்பை முற்றாக அறுத்து, ஒவ்வொரு திறனையும் தனியே வாங்கச் செய்தது. ஒரு விலைப்பிழையைத் தீர்க்க 28 ஆண்டு ஆனது.

1986-இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட ஜேர்ப்ஸ், எந்தக் காலத்துக்கும் எந்த நாட்டுக்கும் பொருந்தும் ஒரே விதிநூல் என்ற நோக்கத்தோடு வந்தது. வழக்கமான தொடக்கம் 100 புள்ளி. பலவீனங்களால் பெறும் புள்ளிக்கு மூன்றாம் பதிப்பு 40 என்ற எல்லையை வைத்தது. இல்லாவிட்டால் குருடும் செவிடும் குடியும் கோபமும் ஒரே மாந்தரிடம் குவிந்து, அத்தனை புள்ளியும் வாள்வீச்சுக்குப் போய்விடும். அந்தப் பதிப்பு வரை பலம், சுறுசுறுப்பு, அறிவு, உடல்நலம் நான்குக்கும் ஒரே விலை. ஆனால் கற்றுக்கொள்ளும் தொழில்களிற் பெரும்பாலானவை சுறுசுறுப்பையோ அறிவையோ அடிப்படையாகக் கொண்டவை. அறிவை ஒரு படி உயர்த்தினால் மருத்துவமும் சட்டமும் மொழியும் வரலாறும் சேர்ந்தே உயரும். 2004-இல் வந்த நான்காம் பதிப்பு பலத்துக்கும் உடல்நலத்துக்கும் படிக்கு 10, சுறுசுறுப்புக்கும் அறிவுக்கும் படிக்கு 20 என்று விலையை மாற்றியது.

புள்ளி வாங்கும் முறைக்கு மாற்று வழிகளும் தோன்றின. 1989-இன் ஷடோரன், மாந்தரின் இனம், மந்திரம், திறமை, தேர்ச்சி, செல்வம் ஆகியவற்றை வரிசைப்படுத்தச் சொன்னது. முதலிடம் கொடுத்தது நிறையக் கிடைக்கும், கடைசியிடம் கொடுத்தது கொஞ்சமே கிடைக்கும். சில்லறைக் கணக்குத் தேவைப்படவில்லை. 1991-இல் எரிக் வுஜ்சிக் எழுதிய ஆம்பர், பகடையையே கைவிட்டு ஏலத்தைக் கொண்டுவந்தது. ஆளுக்கு 100 புள்ளி. மனவலிமை, பலம், தாங்குதிறன், போர்த்திறன் நான்கும் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வரும். கேட்ட புள்ளி கேட்டதுதான்; தோற்றாலும் திரும்பாது. 304 மேசையில் கேள்வியை ஏற்றிவிட்டுத் துணையின் முகத்தைப் பார்ப்பவருக்கு இந்த நெருக்கடி புதிதாக இராது. ஒரு திறமையின் விலையை வடிவமைப்பாளர் முன்கூட்டி ஊகிக்காமல், அந்த மேசையில் அதை எத்தனை பேர் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதே தீர்மானிக்க விட்டது ஆம்பரின் புதுமை.

ஆர்ஸ் மாஜிக்கா 1987-இல் வேறொரு கேள்வி எழுப்பியது. ஜொனதன் ட்வீட்டும் மார்க் ரெயின்-ஹாகனும் உருவாக்கிய அந்த விளையாட்டில் மந்திரவாதி மற்றவர்களைவிட வெளிப்படையாகவே வலியவர். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதி, ஒரு துணைவர் என்று பல மாந்தரை வைத்திருப்பார். காவலாட்கள் எல்லோருக்கும் பொது. இன்றைய கதையில் மந்திரவாதியாக வருபவர் அடுத்த கதையில் காவலாளாக வருவார். மாந்தரிடையே சமநிலை தேவையில்லை, ஆடுபவர்களிடையே முறை மாறினால் போதும் என்று அது நிறுவியது.

1991-இல் மார்க் ரெயின்-ஹாகனின் வாம்பயர்: த மஸ்கரேட் இன்னொரு சிக்கலை வெளிக்கொண்டுவந்தது. மாந்தரை உருவாக்கும்போது திறமையின் எந்தப் படிக்கும் ஒரே விலை. ஆட்டம் தொடங்கிய பின் உயர்த்துவதற்கோ இருக்கும் படியின் நான்கு மடங்கு அனுபவம் வேண்டும்: ஒன்றிலிருந்து இரண்டுக்கு 4, நான்கிலிருந்து ஐந்துக்கு 16. எனவே தொடக்கத்திலேயே ஓரிரு திறமைகளை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, மலிவான அடிப்படைகளைப் பின்னர் வாங்குபவர் ஆதாயம் அடைவார். எல்லாத் துறையிலும் சற்றே தேர்ந்த இயல்பான மனிதரை உருவாக்கியவர் நட்டமடைவார். விலைகள் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும் என்பது இதில் கிடைத்த பாடம்.

பகடையால் தொடங்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் கடைசியில் புள்ளிக்கு வந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, பகடைக்கு மாற்றாக 25 புள்ளி கொடுத்தது. 8-இலிருந்து 14 வரை படிக்கு 1. 15, 16 ஆகியவற்றுக்குப் படிக்கு 2. 17, 18 ஆகியவற்றுக்குப் படிக்கு 3. மேலே ஏற ஏற விலை செங்குத்தாவதால் ஒரே திறமையில் எல்லாவற்றையும் கொட்டுவது நட்டமாகும். 2014-இன் ஐந்தாம் பதிப்பு 27 புள்ளி தந்து, உச்சத்தை 15 என்று நிறுத்தியது. கணக்குப் போட விரும்பாதவருக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த வரிசையும் உண்டு; அதன் விலையும் சரியாக 27.

இத்தனை திருத்தத்துக்குப் பின்னும் எந்த விலைப்பட்டியலும் தனித்து நின்று சமநிலை தருவதில்லை. திறமையின் பயன் கதை நடக்கும் இடத்தைப் பொறுத்தது. கொட்டாஞ்சேனையில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசத் தெரிந்த மாந்தர் ஒருவர் துறைமுகத்தைச் சுற்றி நடக்கும் துப்பறியும் கதையில் எல்லாக் கதவையும் திறப்பார். அதே மாந்தர் பேய்கள் நிறைந்த பாழ்ங்கோட்டைக்குள் இறங்கினால் அந்த மூன்று மொழிக்கும் கொடுத்த புள்ளி வீண். இரண்டு கதைக்கும் விதிநூல் ஒரே விலையைத்தான் எழுத முடியும். அதனால்தான் ஜேர்ப்ஸ் முதலான விதிநூல்கள் எந்தத் திறமையை அனுமதிப்பது, எதை விலக்குவது என்ற முடிவை நடத்துநரிடம் ஒப்படைக்கின்றன. கதை எங்கே நடக்கும், அதில் எது அடிக்கடி தேவைப்படும் என்பதை நடத்துநர் முதலிலேயே சொல்ல வேண்டும். குழு முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து மாந்தர்களை உருவாக்க வேண்டும். ஒருவரின் திறமை மற்றவரின் திறமையை விழுங்காதபடி பகிர்ந்துகொள்ள வேண்டும். அச்சிட்ட விலை வடிவமைப்பாளரின் கணிப்பு. அல்-பிரூனி பதிந்த 54-ஐப் போல, அதை நியாயமான விலையாக்குவது ஆடுபவர்களின் உடன்பாடே.